சட்டம் படித்தால் கோர்ட் மட்டும்தானா?

"வக்கீலுக்குப் படிச்சா கோர்ட்டுக்குத்தானே போகோணும், பொம்பளப் புள்ளைக்கு அது எதுக்குங்க?" என்ற பேச்சு நம் அந்தியூர் பக்கம் உண்டு. நம் கொங்கு நாட்டு வக்கீல் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் பிறந்தவர் சி.சுப்பிரமணியம். சென்னையில் சட்டம் படித்து, கோவையில் வக்கீல் தொழில் செய்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் சட்டத்தை உருவாக்கிய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952 முதல் 10 ஆண்டுகள் சென்னை மாநில அமைச்சர். பின்பு மத்திய உணவு, விவசாய அமைச்சரானார். பஞ்சம் மிரட்டிய 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வரவழைத்தார். பசுமைப் புரட்சிக்கு அது வழிவிட்டது. 1979-ல் நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். 1998-ல் பாரத ரத்னா விருது பெற்றார்.

படிப்பு ஒன்று, செய்த பணிகள் எத்தனை பாருங்கள்!

இன்று நம் பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழிகள் திறந்திருக்கின்றன:

* தேர்வு எழுதி நீதிபதியாகவோ, அரசு வக்கீலாகவோ ஆகலாம்.
* ராணுவத்தின் சட்டப் பிரிவில் 1992 முதல் பெண்களையும் அதிகாரிகளாகச் சேர்க்கிறார்கள்.
* இலவச சட்ட உதவி மையத்தில் ஏழைகளுக்காக வாதாடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். இது நமக்கும் பொருந்தும்.

பிளஸ் டூ முடித்தால் 5 வருடச் சட்டப் படிப்பில் சேரலாம். கோவையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் பெண் வீட்டில் இருந்தால், கல்யாணப் பேச்சுக்கு முன்னால் இந்தப் பேச்சை எடுப்போம். அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் கலந்து பேசுவோமுங்க!