ஆள் சேர்ப்பது வேறு, அணி சேர்ப்பது வேறு
கால்பந்து மானேஜர் விளையாட்டில் வணிகர்களுக்கு உள்ள பாடங்கள்



சரக்கு விலையும் வரியும் கடன் வசூலும் பேசும் இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகள் இரவு இரண்டு மணி வரை ஒரு விளையாட்டின் முன் உட்கார்ந்திருந்தார்கள். கண்டிக்கலாம் என்று அறைக்குள் போனோம். திரையில் பந்து ஓடவில்லை. சம்பளப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. யாரை எடுப்பது, எத்தனை ஆண்டு ஒப்பந்தம், யாரை எப்போது விற்பது என்று விவாதம் நடந்தது. இது நம் தொழிலாயிற்றே என்று நாற்காலியை இழுத்துப் போட்டு நாமும் உட்கார்ந்துவிட்டோம்.

விளையாட்டு எப்படிப்பட்டது?

இங்கிலாந்தைச் சேர்ந்த பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய ‘சாம்பியன்ஷிப் மானேஜர்’ 1992இல் வெளிவந்தது. அவர்களுடைய ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் பின்னர் வெளியீட்டாளரைப் பிரிந்தது. பழைய பெயர் வெளியீட்டாளரிடம் போயிற்று. வீரர்களைப் பற்றிய தகவல் களஞ்சியம் சகோதரர்களிடம் நின்றது. 2004 முதல் அவர்களுடைய விளையாட்டு ‘ஃபுட்பால் மானேஜர்’ என்ற பெயரில் வருகிறது. பெயர்ப்பலகை போனாலும் சரக்கு கையில் இருந்தால் கடை நிற்கும் என்பதற்கு இதுவே ஒரு சான்று.

இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. ஒரு கிளப்பின் மானேஜராக உட்காருகிறோம். இயக்குநர் குழு இரண்டு தொகைகளைக் கொடுக்கிறது: வீரர்களை விலைக்கு வாங்க ஒன்று, வாரச் சம்பளத்திற்கு ஒன்று. இந்தப் பருவத்தில் எந்த இடம் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது. தவறினால் வேலை போய்விடும்.

நாம் தோற்ற கதை

இங்கிலாந்தின் நான்காம் நிலையில் ஒரு சிறிய கிளப்பை எடுத்தோம். அந்த டிவிஷனில் 24 கிளப்புகள். ஒரு பருவத்தில் 46 ஆட்டங்கள். வந்த முதல் நாளே பெரிய டிவிஷனில் ஆடிப் பழகிய, கோல் அடிப்பதில் பெயர் பெற்ற ஒருவரை எடுத்தோம். வயது 32. அவருக்கு விலை கிடையாது, சம்பளம் மட்டும்தான் என்பதால் இலாபம் என்று எண்ணினோம். சம்பளத் தொகையில் பெரும்பங்கு அவருக்கே போனது. ஐந்து ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார். ஆறாவது ஆட்டத்தில் தொடையில் காயம். அவருக்கு மாற்று ஆள் இல்லை; எடுக்கப் பணமும் இல்லை. ஏற்கெனவே இருந்தவர்கள் சம்பள உயர்வு கேட்டு முகம் திருப்பினார்கள். பிப்ரவரியில் நம் வேலை போயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

அதன்பின் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து கற்றவை இவை.

1. வாங்கும் விலையைவிட வாரச் சம்பளம் பெரிது

விலை ஒரு முறை போவது. சம்பளம் ஒவ்வொரு வாரமும் போவது. சும்மா கிடைத்த ஆள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மிக விலையுயர்ந்த ஆளாகிவிடலாம். ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஆண்டு உயர்வு, மேல் டிவிஷனுக்குப் போனால் உயர்வு என்ற விதிகளும் உண்டு. கையெழுத்திடும் நாளில் சிறியதாகத் தெரியும் விதிகள் மூன்றாம் ஆண்டில்தான் கடிக்கும்.

விளையாட்டுக்கு வெளியிலும் இதற்குச் சான்று உண்டு. லீட்ஸ் யுனைடெட் கிளப் 2001இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை வந்தது. இனி ஆண்டுதோறும் அந்தப் போட்டியின் வருமானம் வரும் என்று நம்பி, பிற்கால நுழைவுச்சீட்டு வசூலை ஈடாக வைத்து, சுமார் 6 கோடி பவுண்டு கடன் வாங்கியிருந்தது. அந்தப் போட்டிக்கு மறுபடி தகுதி கிடைக்கவில்லை. நல்ல வீரர்களை ஒவ்வொருவராக விற்க நேர்ந்தது. 2004இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கிய கிளப் மீண்டும் ஏற 2020 ஆயிற்று. தீபாவளி விற்பனையை நம்பி ஆடி மாதமே கடன் வாங்கிக் குடோனை நிரப்புபவர் இந்தக் கதையை நினைவில் வைக்க வேண்டும்.

2. ஆளைத் தேடுமுன் இடத்தை எழுது

புதிதாக ஆடுபவர் நல்ல வீரர்களின் பட்டியலைத் தேடுகிறார். பழகியவர் தம் அணியில் எந்த இடம் காலி என்பதை முதலில் எழுதுகிறார். ஒவ்வொரு இடத்திற்கும் இரண்டு பேர்: ஒருவர் நிற்க, மற்றவர் அவருக்குப் பதிலாக. அப்படி எழுதிப் பார்த்தால் முன்னணியில் ஐந்து பேர் இருப்பதும், இடப்பக்கத் தடுப்பில் ஒருவரே இருப்பதும் தெரியும். காயம் எப்போதும் அந்த ஒருவருக்குத்தான் வரும்.

நம் கடைகளில் கல்லாவில் ஒருவர், எடையில் ஒருவர், குடோன் சாவி ஒருவரிடம். அவர் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அன்று கடை பாதி மூடியது போலத்தான்.

3. பார்த்து வாங்கு, பார்த்துச் சொல்பவரையும் பார்

களத்தில் ஆடும் ஒரு வீரருக்கு 36 தகுதிகள் எண்ணாகத் தரப்படுகின்றன. ஒவ்வொன்றும் 1 முதல் 20 வரை. ஆனால் முன்பின் தெரியாத வீரரின் எண் முழுமையாகத் தெரியாது. எட்டுக்கும் பதினான்குக்கும் இடையே என்பது போலக் காட்டும். ஆள் பார்ப்பவரை அனுப்பித் தொடர்ந்து கவனித்தால்தான் எண் தெளியும். அந்த ஆள் பார்ப்பவருக்கும் மதிப்பெண் உண்டு. இன்றைய திறமையை எடைபோடுவது ஒன்று, நாளைய வளர்ச்சியை எடைபோடுவது மற்றொன்று. முதலாவதில் கெட்டிக்காரர் இரண்டாவதில் சுமாராக இருக்கலாம்.

2015-16 பருவத்தில் இங்கிலாந்தின் முதல் டிவிஷனை வென்ற லெஸ்டர் சிட்டி இப்படித்தான் சேர்ந்தது. அதன் ஆள் தேர்வைக் கவனித்த ஸ்டீவ் வால்ஷ், பிரான்சில் வேறொரு வீரரைப் பார்க்கப் போன இடத்தில் ரியாத் மாரெஸைக் கண்டார். 2014இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கும் குறைவாக வாங்கப்பட்ட மாரெஸ், 2018இல் சுமார் 6 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டார். பெயரைப் பார்த்து வாங்காமல் ஆளைப் பார்த்து வாங்கியதன் பலன் இது.

4. எண்ணில் தெரியாத குணம்

ஒரே சீராக ஆடுவது, முக்கியமான நாளில் கலங்காதிருப்பது, அடிக்கடி காயப்படாதிருப்பது ஆகிய குணங்களுக்கும் விளையாட்டினுள் எண் உண்டு. ஆனால் நமக்குக் காட்டமாட்டார்கள். ஆள் பார்ப்பவரின் குறிப்பிலிருந்தும் நடப்பிலிருந்தும் ஊகிக்க வேண்டும். இளைஞர்களின் வளர்ச்சியும் மனப்பாங்கைப் பொறுத்தது. 2019 பதிப்பிலிருந்து, ஒழுங்கான மூத்த வீரருடன் இளையவர்களைக் குழுவாகச் சேர்க்கும் வசதி வந்தது. மூத்தவரின் குணம் மெல்ல மெல்ல இளையவரிடம் இறங்கும். சோம்பேறியுடன் சேர்த்தால் அதுவும் இறங்கும்.

வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ என்றும் ‘தெரிந்துவினையாடல்’ என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆளைத் தேர்வது ஒன்று, அவருக்கு ஏற்ற வேலையைத் தருவது மற்றொன்று. இந்த விளையாட்டிலும் இரண்டும் தனித்தனி வேலைதான்.

5. விற்கவும் தெரிய வேண்டும்

முப்பதைத் தாண்டும் வீரரின் ஓட்டம் குறையும்; விலையும் இறங்கும். ஒப்பந்தம் முடியும் தறுவாயிலும் விலை இறங்கும். ழான் மார்க் போஸ்மன் என்ற பெல்ஜிய வீரரின் வழக்கில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின், ஒப்பந்தம் முடிந்த வீரர் பழைய கிளப்புக்குக் காசு தராமல் போகலாம் என்றாயிற்று. விளையாட்டும் அதைப் பின்பற்றுகிறது. ஆகவே ஒப்பந்தத் தேதிகளை மாதம் ஒரு முறை பார்ப்பவர் பிழைக்கிறார். பார்க்காதவர் பொன்னைச் சும்மா கொடுக்கிறார். இளம் வீரரை விற்கும்போது, அடுத்த விற்பனையில் நமக்கு ஒரு சதவிகிதம் என்று எழுதி வாங்கும் வழியும் உண்டு. சிறிய கிளப்புகளுக்கு அது பின்னாளில் வரும் வட்டி.

6. பழைய ஆட்களின் மனம்

மேலே சொன்னவற்றை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். இது கடினம். உடை மாற்றும் அறையில் யார் சொல்லுக்கு மதிப்பு என்பதை விளையாட்டு ஒரு பட்டியலாகக் காட்டுகிறது. மேலே இருப்பவர் எப்போதும் சிறந்த ஆட்டக்காரராக இருப்பதில்லை. நெடுநாள் இருந்தவராக இருப்பார். அவரை மனம் நோகச் செய்தால் மற்றவர்கள் வரிசையாக வந்து கேட்பார்கள். கொடுத்த வாக்கைத் தவறினாலும் அப்படித்தான். ஒரே பருவத்தில் பத்துப் புதியவர்களைக் கொண்டுவந்தால், பத்துப் பேரும் நல்லவர்களாக இருந்தாலும், அணி ஒட்டாது.

இங்கேதான் நமக்குச் சிரிப்பு நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் நம் மொத்தக் கடையின் விற்பனையைப் பெருக்க வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்தோம். கெட்டிக்காரர். பதினெட்டு ஆண்டு நம்மிடம் இருந்த கணக்குப்பிள்ளையின் சம்பளத்தைப் போல் இரு மடங்கு அவருக்குத் தந்தோம். அந்தச் சம்பளத்தை மாதாமாதம் கணக்குப்பிள்ளையின் கையாலேயே பேரேட்டில் எழுதவும் வைத்தோம். அது தவறு என்று அன்று தோன்றவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம், கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி நின்றுகொண்டார். எந்தக் கடைக்காரர் எந்தக் கிழமை பணம் தருவார், யாரிடம் கண்டிப்புக் காட்டலாம், யாரிடம் ஒரு வாரம் பொறுக்கலாம் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருந்தன, பேரேட்டில் இல்லை. புதியவர் நிறையவே விற்றார். விற்ற சரக்குக்குப் பணம் வரவில்லை. அந்த ஆண்டின் நிலுவையில் ஒரு பகுதியை இன்றும் வராக்கடன் என்றே வைத்திருக்கிறோம்.

எச்சரிக்கை இரண்டு

விளையாட்டின் தகவலும் மனிதர் சேகரித்ததே. 2001-02 பதிப்பில் தோ மதெய்ரா என்ற போர்த்துகல் வீரர் கோல்களைக் குவித்தார். உண்மையில் அப்படி ஒரு வீரரே கிடையாது. தகவல் சேகரித்தவர் ஒருவர் நுழைத்த பெயர் அது. எழுத்தில் இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பிவிடக் கூடாது. குடோன் இருப்புப் பட்டியலுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, திரையில் நீக்கப்பட்ட வீரர் மறைந்துவிடுவார். நம் சிப்பந்திக்கு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உண்டு. விளையாட்டில் பழகிய கைவேகத்தை அப்படியே கடைக்குக் கொண்டுவரக் கூடாது.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் கடையின் ஒவ்வொரு வேலை. இரண்டாவதில் அதைச் செய்பவர். மூன்றாவதில் அவர் வராவிட்டால் செய்பவர். மூன்றாம் பத்தி காலியாக உள்ள இடத்தில்தான் உங்கள் அடுத்த ஆள் தேவை. பிறகு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அவர் சம்பளத்தைக் கடைசியாக உயர்த்திய தேதியை எழுதுங்கள். எழுத முடியாமல் கை நிற்கும் பெயரே நீங்கள் முதலில் பேச வேண்டிய பெயர்.

நாம் அந்தத் தாளை எழுதிய மறுநாள் பழைய கணக்குப்பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். “வாங்க முதலாளி” என்றார். கண்ணைப் பற்றி நாம் கேட்கவில்லை. பேரேட்டைப் பற்றி மன்னிப்புக் கேட்டோம். இப்போது வாரம் இரண்டு நாள் கடைக்கு வந்து நிலுவைப் பட்டியலைப் பார்த்துத் தருகிறார். அவர் பக்கத்தில் ஒரு பையனை உட்கார வைத்திருக்கிறோம்.

வணிகம் தழைக்க!