ஃபைபர் படகின் அடிப் பெயிண்டை உரிப்பது எப்படி?

தினமும் மணலில் இழுத்து ஏற்றும் வள்ளத்துக்கு இந்த வேலையே கிடையாது. வருஷம் முழுக்கத் தண்ணீரில் கட்டிக்கிடக்கும் ஃபைபர் படகுக்குத்தான் கொட்டலசும் பாசியும் ஏறாமலிருக்கச் செம்பு கலந்த பெயிண்டை அடியில் பூசுகிறோம். பழையதன் மேலேயே பூசிக்கொண்டு போனால் அது கனத்து, வெடித்து, செதில் செதிலாகக் கழலத் தொடங்கும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். உரிப்பதற்குத் தோதான நாட்கள் அவைதான்.

உரிக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வரவில்லையென்றால் லேசாகத் தேய்த்து மேலே பூசிவிடலாம். நன்றாகப் பிடித்திருப்பதைப் போட்டு உரிப்பது வீண் வேலை. பட்டை பட்டையாக வந்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

படகு கரையேறியதும் ஈரம் காய்வதற்குள் கொட்டலசைச் சுரண்டிக் கழுவிவிடுங்கள். காய்ந்துவிட்டால் உளிதான் எடுக்க வேண்டியிருக்கும். அடியில் தார்ப்பாய் விரியுங்கள். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே டேப் ஒட்டுங்கள். ஆழம் காட்டும் கருவியின் முகத்தையும் மூடிவிடுங்கள். கெமிக்கல் பட்டால் அது பாழ்.

இனிதான் நிஜமான வேலை. பெயிண்டுக்கு அடியில் இருக்கும் ஜெல்கோட்டின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். படகுக்குள் தண்ணீர் ஊறாமல் காப்பது அது. அதைத் தாண்டிவிட்டால் ரெசினில் ஊறிய கண்ணாடி இழை வெளியே தெரியும்; அந்த வழியாகக் கடல் உள்ளே போகும். பெயிண்டை எடுக்க யாராலும் முடியும். எந்த இடத்தில் கையை நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிஸ்க் கிரைண்டரைக் காட்டி ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று வருபவரைப் படகின் பக்கமே விடாதீர்கள். கண் மூடித் திறப்பதற்குள் அந்த டிஸ்க் ஜெல்கோட்டைத் தின்றுவிடும். சூடு காட்டும் துப்பாக்கியும் வேண்டாம்: நச்சுப்புகை வரும், ஜெல்கோட்டும் கெடும். கடையில் கிடைக்கும் சாதாரண பெயிண்ட் ரிமூவர் மரத்துக்கும் இரும்புக்கும் ஆனது. ஃபைபரில் பட்டால் ஜெல்கோட்டையே இளக்கும். டப்பாவில் ஃபைபர் படகுக்கு என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஏராவுக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சதுர அடியை முதலில் உரித்துப் பழகுங்கள். மேலே சிவப்பு, அடுத்து நீலம், அதற்கடியில் சாம்பல் நிறப் பிரைமர், கடைசியில் பளபளப்பான வெள்ளை என்று ஒவ்வொரு படகுக்கும் ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிரைமர் கெட்டியாக இருந்தால் அதோடு நில்லுங்கள். அதையும் எடுத்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சுரண்டிக்கு நான் கார்பைடு பிளேடுதான் வைப்பேன், அதன் இரண்டு முனைகளையும் அரத்தால் மழுக்கிய பிறகு. முனை கூராக இருந்தால் ஜெல்கோட்டில் கோடு விழும். அந்தக் கோட்டைப் பட்டி வைத்து அடைக்க இன்னொரு நாள் போகும். இரண்டு கையாலும் பிடித்து, சாய்த்து, உங்களை நோக்கி இழுங்கள். தள்ளாதீர்கள். சரியாகப் போனால் பெயிண்ட் சுருள் சுருளாக வரும். தூளாக உதிர்ந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. பலத்தைக் கூட்டாமல் பிளேடை மாற்றுங்கள்.

சுரண்டிக்கு மசியாத இடத்துக்குத்தான் ரிமூவர். கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் தடவினால் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். விடியற்காலையில், நிழல் விழும் பக்கத்தில், தடிப்பாக ஒரே இழுப்பில் தடவி மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுங்கள். பிரஷ்ஷை முன்னும் பின்னும் ஓட்டக்கூடாது. டப்பாவில் சொன்ன நேரம் ஆனதும் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுத்து, நன்றாகக் கழுவுங்கள். நகத்தால் ஜெல்கோட்டை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் இளகினாலும் அந்த மருந்து உங்கள் படகுக்கு ஆகாது.

மிச்சத்துக்கு 80ஆம் நம்பர் வாட்டர் பேப்பர். ஈரமாகவே, கையால். மின்சார சாண்டரையும் தண்ணீரையும் ஒன்றுசேர்க்காதீர்கள், உயிர் போகும். காய்ந்த தூசியும் லேசுப்பட்டதல்ல. அதில் இருப்பது செம்பு ஆக்சைடு. மிகப் பழைய படகானால் 2008இல் உலக அளவில் தடை நடைமுறைக்கு வந்த டின் கலந்த பெயிண்டும் அடியடுக்கில் கிடக்கலாம். முகத்தில் துண்டு கட்டினால் போதாது. வடிகட்டி வைத்த மாஸ்க்கும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். சுரண்டியதையும் தேய்த்த சகதியையும் தார்ப்பாயோடு அள்ளி மூட்டை கட்டுங்கள். கடலில் கழுவிவிட்டால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அதில்தான் சாகும். நாளைக்கு நாம் வலை போடப்போவதும் அதே தண்ணீரில்தான்.

உரித்து முடித்த அன்றே பக்கவெளிச்சத்தில் அடி முழுவதையும் தடவிப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடனே பென்சிலால் வட்டம் போடுங்கள், ஏனென்றால் காயக் காய அது அமுங்கி மறைந்துவிடும். குத்தினால் காடி வாடையோடு நீர் பீறிடும், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். அந்த இடத்தைத் திறந்து, கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகுதான் எபாக்ஸி பட்டி. பலகைமேல் ஃபைபர் போர்த்திய படகானால் இன்னும் கவனம் வேண்டும். தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் மரமே ஊறியிருக்கலாம். அங்கே பட்டி வைத்து மூடாமல், தச்சரைக் கூப்பிடுங்கள்.

பிறகு எபாக்ஸி பிரைமர். எத்தனை கோட், எவ்வளவு இடைவெளி என்பது டப்பாவில் இருக்கும். கடைசிக் கோட் முழுக்க இறுகுவதற்கு முன்பே செம்புப் பெயிண்டின் முதல் கோட்டை அடித்துவிடுங்கள். பிரைமரில் கட்டைவிரலை வைத்தால் ரேகை பதிய வேண்டும், விரலில் பிரைமர் ஒட்டக்கூடாது. அந்தப் பதம் தப்பினால் முழுசாக இறுகவிட்டு, மறுபடி தேய்த்த பிறகே அடிக்க முடியும். அலுமினிய அவுட்போர்டு காலில் மட்டும் செம்புப் பெயிண்டைத் தொடவிடாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும்.