கடைசி வரிசையிலிருந்து நேரலை

கேள்வி: சபாக்களில் பரதநாட்டியத்தை நேரலை செய்கிறேன். மேடையிலிருந்து 80 அடி தள்ளித்தான் கேமராவுக்கு இடம் தருகிறார்கள். எந்த ஜூம் லென்ஸ், எப்படிப்பட்ட டிரைபாட் வாங்கலாம்?

பதில்: ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் பெரும்பாலும் 70-200 எம்.எம். லென்ஸ் போதும். அந்தத் தூரத்தில் 70-இல் சுமார் 41 அடி அகல மேடை அடங்கும். 200-இல் ஆடுபவர் தலை முதல் சலங்கை வரை சட்டத்தை நிறைப்பார். ஆனால் அபிநயத்துக்கு இடுப்புக்கு மேல் மட்டும் காட்ட 400 எம்.எம். வேண்டும். ஜூம் முழுக்க எஃப் 2.8 மாறாத லென்ஸாகப் பாருங்கள். இல்லையேல் நெருங்க நெருங்கப் படம் இருளும். டிரைபாடுக்கு ஃபுளூயிட் ஹெட் கட்டாயம். கேமரா, லென்ஸ் இரண்டின் எடையையும் கூட்டி, அதைத் தாங்குவதாக வாங்குங்கள். நடுக்கம்பத்தை உயர்த்தினால் ஆட்டம் கூடும். பணம் குறைவென்றால் டிரைபாடை வாங்கிவிட்டு, லென்ஸை வாடகைக்கு எடுங்கள்.