பணியிடத் துன்புறுத்தலும் மனவலிமையும்

உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, ஞாயிறு மாலையானால் தொடங்கும் வயிற்றுவலி எனப் பல தொல்லைகளுடன் மனநலப் பிரிவுக்கு வருவோருள் சிலரது துன்பத்தின் வேர் அலுவலகத்தில் இருக்கிறது. உடன் வரும் உறவினர் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "எல்லோரும்தான் வேலைக்குப் போகிறார்கள், இவருக்கு மட்டும் ஏன் மனவலிமை இல்லை?"

எது துன்புறுத்தல் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். மேலதிகாரி ஒருநாள் கடிந்துகொள்வது துன்புறுத்தல் ஆகாது. 1980களில் சுவீடனில் இதனை ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், வாரத்திற்கு ஒரு முறையேனும் நிகழ்ந்து, ஆறு மாதங்களேனும் நீடிப்பதை அளவுகோலாகக் கொண்டார். பலர் முன்னிலையில் இழிவுபடுத்துதல், தேவையான தகவலைத் தராதிருத்தல், பேச்சை நிறுத்தி ஒதுக்கிவைத்தல் ஆகியவை இதில் அடங்கும். உரத்த குரல் கட்டாயமில்லை. தொடர்ந்த மௌனமே ஒருவரை நொறுக்கப் போதுமானது. பாதிக்கப்படுபவர் தம்மைத் தற்காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருப்பதும் இதன் இன்றியமையாத கூறு.

முன்பே மனச்சோர்வோ பதற்றமோ உடையவர்கள் கூடுதலாகப் பாதிப்படைவது உண்மையே. ஆயினும் இதில் ஒரு சுழற்சி உண்டு. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, துன்புறுத்தல் மனநலத்தைக் கெடுப்பதும், கெட்ட மனநலம் மேலும் துன்புறுத்தலுக்கு வழிவகுப்பதும் தெரியவந்தன. உறங்காதவர் வேலையில் பிழை செய்கிறார். அப்பிழையே அடுத்த அவமதிப்புக்குச் சாக்காகிறது. எனவே, "இவர் சுபாவமே இப்படி" என்று இன்று நமக்குத் தோன்றுவது, நேற்றைய துன்புறுத்தலின் விளைவாகவும் இருக்கக்கூடும்.

மனவலிமை காக்காதா? ஓரளவு காக்கும். வாழ்க்கை விளங்கத்தக்கது, சமாளிக்கத்தக்கது, பொருளுடையது என்னும் உள்ளுணர்வை ஆரன் அந்தோனோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர் விளக்கினார். துன்புறுத்தலுக்கு ஆளானோரிடம் இவ்வுணர்வை ஆராய்ந்து 2008இல் வெளியான நார்வே ஆய்வொன்று, துன்புறுத்தல் லேசாக இருந்தபோது அது நன்கு காத்ததையும், கடுமையானபோது அக்காப்பு குறைந்ததையும் கண்டது. தூறலுக்குக் குடை போதும்; புயலுக்குப் போதாது. கடுமையான நிலையில் காப்பு வெளியிலிருந்தே வரவேண்டும்: தடுத்து நிறுத்தும் நிர்வாகம், கண்டதைச் சொல்லும் சக ஊழியர், நம்பும் குடும்பம்.

"பொறுத்துக்கொள்" என்பதே, என் கருத்தில், வீட்டார் கூறும் அறிவுரைகளுள் மிகவும் தீங்கானது. அதற்கு மாறாக, குறுக்கிடாமல் கேளுங்கள். நாள், நேரம், சொன்ன சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க உதவுங்கள். பாலியல் துன்புறுத்தலானால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடங்களில் உள்ளகக் குழு இருத்தல் வேண்டும். பெண் ஊழியர் அங்கு முறையிடலாம். பிற வகைத் துன்புறுத்தலுக்கு நம் நாட்டில் இதுபோன்ற தனிச்சட்டம் இல்லாமையால், அக்குறிப்பேடு மேலும் முக்கியமாகிறது. வேலையை விடுவதா என்னும் முடிவைச் சில நாள் நல்ல உறக்கத்திற்குப் பின் எடுப்பது நன்று. உறக்கத்திற்காக மதுவை நாடுவது மனச்சோர்வை ஆழப்படுத்தும்.

"இனி இருந்து என்ன பயன்" என்ற பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். நள்ளிரவானாலும் 14416 என்னும் டெலி மானஸ் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.