ஓட்டத்துக்கு ஒரு வாட்ச்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறாய் என்று அக்கா சொன்னாள். ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கலாம். ஆனால் நீ எதற்காக வாங்க நினைக்கிறாயோ அதற்குத்தான் அது ரொம்பக் குறைவாக உதவும்.

கடையில் வாட்சைத் திருப்பிப் பார். அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுத் தோலுக்குள் ரத்தம் ஏறி வடியும்போது, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். வாட்ச் எண்ணுவது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான். உட்கார்ந்திருந்தாலோ தூங்கினாலோ கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். ஓட ஆரம்பித்தால் கை வீச்சில் வாட்ச் ஆடும், இடுக்கில் வெயில் புகும். நிமிடத்துக்கு 165 அடி வைத்து ஓடுகிறாய் என்று வைத்துக்கொள். வாட்ச் அந்த அடிகளின் தாளத்தையே நாடி என்று பிடித்துக்கொண்டு 165 என்று காட்டிவிடும். உன் இதயமோ 145-இல் இருக்கலாம், 180-இலும் இருக்கலாம். விலை கூடிய வாட்சிலும் இந்தக் கோளாறு உண்டு. தேர்வுக்குக் கயிறு ஏறிப் பழகும்போது மணிக்கட்டு மடங்கி நரம்பு புடைத்து நிற்கும். அப்போது வருகிற எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

சரிபார்க்கக் காசு செலவில்லை. ஒரு சுற்று ஓடி நின்றதும் தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கத்தில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கு. கட்டைவிரலை வைக்காதே, அதற்கே ஒரு நாடி உண்டு. தண்ணீர் பாட்டிலில் கட்டினால்கூட நாடி காட்டுகிறதே என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். அதை மட்டும் வைத்து வாட்சைத் தள்ளிவிடாதே. எந்த ஒளியிலும் ஒரு தாளத்தைத் தேடுவதுதான் அதன் வேலை. நல்ல வாட்சும் சில நேரம் அப்படி ஏமாறும்.

கலோரி கணக்கு இன்னும் மோசம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளை மாட்டிச் சோதித்தார்கள். ஆப்பிள், ஃபிட்பிட் மாதிரி நம் கைக்கு எட்டாத விலையில் இருந்தவையும் அதில் உண்டு. நாடியில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் வந்தன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருந்ததில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93. வாட்ச் 400 கலோரி எரிந்தது என்று சொல்வதை நம்பி இன்னொரு பரோட்டாவுக்குக் கை நீட்டாதே.

தேர்வில் உனக்கு வேண்டியது 1500 மீட்டர், 7 நிமிடம். அதற்கு மார்க் கிடையாது. உள்ளே வந்தால் அடுத்த கட்டம், இல்லாவிட்டால் வீடு. இந்த விலை வாட்சில் பெரும்பாலும் ஜிபிஎஸ் இருக்காது. அடிகளை எண்ணி, உன் உயரத்தை வைத்துத் தூரத்தை ஊகிக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஏறிப் பார்: அடி குட்டையாகும், வாட்ச் தூரத்தைக் கூட்டிச் சொல்லும். மலைப்பாதைக் குலுங்கலில் பைக்கில் உட்கார்ந்தே சில நூறு அடி நடந்துவிடலாம்! அதனால் மைதானத்தில் டேப் பிடித்து 200 மீட்டர் வட்டம் போடு. ஏழரைச் சுற்று. சுற்றுக்கு 56 விநாடி தாண்டக் கூடாது. அதற்கு போனில் இருக்கிற ஸ்டாப்வாட்ச் போதும். கையில் ஒரே ஆயிரத்து ஐநூறுதான் இருக்கிறது என்றால் ஷூ வாங்கு. செருப்போடு தார் ரோட்டில் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஷூ இருக்கிறது, அதற்கு மேலும் காசு இருக்கிறது என்றால் வாட்ச் ஒரு காரியத்துக்கு உதவும். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன் அது காட்டும் நாடியைக் குறித்து வை. வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடினால் அது மெல்ல இறங்கும். ஒரு நாள் வழக்கத்தைவிட எட்டு பத்து கூடி நின்றால் தூக்கம் போதவில்லை, அல்லது காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொண்டு அன்றைக்கு ஓட்டத்தைக் குறை. விரல் வைத்தே எண்ணலாம்தான். நீ எண்ண மாட்டாய், எனக்குத் தெரியும். அதனால் இரவு முழுக்க வாட்ச் கையில் இருக்க வேண்டும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டு.

கடைசியாக அப்பா விஷயம். பிபியும் சுகரும் காட்டுகிற வாட்ச் அவருக்கும் ஒன்று வாங்கலாம் என்று எழுதியிருந்தாய். அது வேண்டாம். தோலைக் குத்தாமல் சர்க்கரை அளவு சொல்கிற எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை, வாங்காதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. பிபிக்குக் காற்றடித்து மேற்கையை இறுக்கும் கருவிதான் சரி. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரண்டையும் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். அப்பா பெயர் அதில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. அதுவரை எந்த வாட்ச் எதைக் காட்டினாலும் அவர் மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா