டிரெயிலர் இழுக்கும் வண்டியும் பின் அச்சின் பல்விகிதமும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. கல்லாறு வரை ஏற்றம் பெரிதன்று. அதன் பின்னர் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தை எட்ட வேண்டும். சுமையில்லாத பிக்கப் வண்டி இவ்வேற்றத்தை எளிதில் ஏறிவிடும். அதே வண்டியின் பின்னால் பாரமேற்றிய டிரெயிலரை மாட்டினால் நிலைமை மாறுகிறது. இரண்டாம் கியரில் எஞ்சின் திணறும். முதற் கியரில் வண்டி ஊர்ந்து செல்லும். வளைவில் நின்று மீண்டும் புறப்படும்போது கிளச்சு கருகும் நாற்றம் எழும். எஞ்சின் பழுதற்றதாயிருந்தும் இவ்வாறு நேர்வதுண்டு. காரணம் பெரும்பாலும் பின் அச்சின் நடுவிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது.

அப்பெட்டியில் இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று கவ்வி நிற்கின்றன. எஞ்சினின் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டின் நுனியில் உள்ள சிறியது பினியன். சக்கரங்களைச் சுழற்றும் பெரியது கிரௌன் சக்கரம். பெரியதன் பல் எண்ணிக்கையைச் சிறியதன் பல் எண்ணிக்கையால் வகுக்கக் கிடைப்பதே பின் அச்சின் பல்விகிதம். கிரௌனில் 41 பற்களும் பினியனில் 11 பற்களும் இருப்பின் விகிதம் 3.73, பினியனில் 9 பற்களே இருப்பின் 4.56. விகிதம் கூடும் அளவுக்குச் சக்கரத்தின் முறுக்கு விசை கூடும். அதே அளவுக்கு அதன் வேகம் குறையும். கிணற்று ஏற்றத்தில் துலாவின் ஒரு பக்கத்தை நீட்டினால் பளு குறைந்து, கை செல்ல வேண்டிய தூரம் கூடுவதைப் போன்றதே இதுவும்.

இவ்வேறுபாட்டின் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டியும் டிரெயிலரும் சேர்ந்து 3,500 கிலோகிராம் எனவும், சாலை 8 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது எனவும் கொள்வோம். ஏற்றத்தை வெல்ல வேண்டிய விசை எடையில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 437 கிலோகிராம். டயர்கள் உருளுவதால் நேரும் தடைக்கு எடையில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் சேர்த்தால் மொத்தம் 490 கிலோகிராம் ஆகிறது. சக்கரத்தின் ஆரம் 0.35 மீட்டராயின், அச்சில் வேண்டிய முறுக்கு விசை ஏறத்தாழ 171 கிலோகிராம்-மீட்டர்.

எஞ்சின் தருவது 20 கிலோகிராம்-மீட்டர், இரண்டாம் கியரின் விகிதம் 2.3 என்று வைத்துக்கொள்வோம். 3.73 விகிதமுடைய அச்சில் இவை மூன்றையும் பெருக்கினால் விடை 171 தான். மாணவர் ஒருவர் இதைக் கண்டு, வேண்டியது கிடைத்துவிட்டது என்று மகிழக்கூடும். ஆனால் பற்கள் உராய்வதில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது; எஞ்சுவது 154. ஆகவே வண்டி இரண்டாம் கியரில் ஏறாது. 4.56 விகிதமுடைய அச்சிலோ, இழப்புப் போக 188 கிடைக்கிறது. வண்டி இரண்டாம் கியரிலேயே ஏறும்.

இதற்கு விலை உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அச்சக்கரம் நிமிடத்திற்கு 606 முறை சுழலும். நேரடிக் கியரில் முதல் அச்சுக்கு எஞ்சின் 2,260 சுற்றுக்களும், இரண்டாவதற்கு ஏறத்தாழ 2,760 சுற்றுக்களும் சுழல வேண்டும். கொல்லத்திற்கும் ஆலப்புழைக்கும் சமதரைச் சாலையில் சுமையின்றி ஓடும் வண்டிக்கு இது வீண் எரிபொருட் செலவு; இரைச்சலும் கூடும். ஆண்டில் இரண்டு முறை மட்டும் மலையேறும் வண்டிக்காக அச்சை மாற்றுவது எமது கருத்தில் அறிவுடைமை அன்று. வாரந்தோறும் டிரெயிலருடன் ஏறுவதாயின் தயங்க வேண்டியதில்லை.

இத்தேர்வுக்கு நல்ல சான்று ஜீப்பு வண்டியே. இரண்டாம் உலகப் போரில் உழைத்த வில்லிஸ் ஜீப்பின் அச்சு விகிதம் 4.88, அதாவது 8 பற்களுக்கு 39. போர் முடிந்து 1945-இல் உழவருக்கென அந்நிறுவனம் வெளியிட்ட சிஜே-2ஏ வண்டியில் எஞ்சின் ஏறக்குறைய அதுவேயாயினும், விகிதம் 8 பற்களுக்கு 43, அதாவது 5.38 ஆக உயர்த்தப்பட்டது. கியர்ப் பெட்டிகளின் விகிதங்களும் மாற்றப்பட்டமையால், மிகத் தாழ்ந்த கியரில் மொத்த விகிதம் ஏறத்தாழ 26-லிருந்து 37-க்கு ஏறிற்று. கலப்பையும் டிரெயிலரும் இழுப்பதற்குக் குதிரைத் திறனைப் பெருக்காமல் பற்களை மாற்றியமைத்தனர்.

இறக்கத்தைப் பற்றிப் பலர் எண்ணுவதில்லை. ஆனால் உயிருக்கு அபாயம் அங்கேதான். பொன்முடியிலிருந்து இறங்கும்போது டிரெயிலர் வண்டியைப் பின்னின்று தள்ளுகிறது. பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். அத்தடையையும் அச்சின் விகிதமே பெருக்கித் தருகிறது. ஏறும்போது உதவிய 4.56 இறங்கும்போதும் அதே கியரில் 3.73-ஐவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகத் தடுக்கும். எனினும் விகிதத்தை உயர்த்தியதனால் வண்டி இழுக்கத்தக்க எடை உயர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பிரேக்கு, கொக்கி, டயர், சட்டம் ஆகியவை பழையனவே. தயாரிப்பாளர் விதித்த எல்லையும் பழையதே.

டயரையும் கவனிக்க வேண்டும். 0.35 மீட்டர் ஆரமுள்ள டயரை நீக்கி 0.39 மீட்டர் டயரைப் பூட்டினால், 4.56 விகிதம் 4.09 போலவே வேலை செய்யும். அழகுக்காகப் பெரிய டயர் பூட்டி, இழுவை குறைந்ததென்று எஞ்சினைப் பழிப்போரை நாம் காண்கிறோம்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது திருவனந்தபுரம் கடற்கரையின் மீனவர் தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர்ப் பகுதிக்கு விரைந்து பலரைக் காத்தனர். அத்தகைய நாளில் வண்டியின் பற்களை எண்ணிக்கொண்டிருக்க நேரமிராது. எனவே அலுவலக வண்டியின் விகிதத்தை முன்னரே அறிந்து குறித்து வைத்தல் நன்று. சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை நடுநிலையில் வைக்க வேண்டும். இரு பின் சக்கரங்களையும் ஒருவர் பக்கத்திற்கு ஒன்றாகச் சேர்ந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்ற, மூன்றாமவர் சுண்ணக்கட்டியால் குறியிட்ட தண்டின் சுற்றுக்களை எண்ணுவார். நான்கரைச் சுற்றுக்குச் சற்று மேல் வந்தால் 4.56. வகுப்பு மாணவர்க்கு இதைவிடத் தெளிவான விகிதப் பாடம் அரிது.

அச்சை மாற்ற முடிவு செய்தால் கிரௌனையும் பினியனையும் ஓரிணையாகவே வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பற்கள் விரைவில் தேயும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியில் முன் அச்சின் விகிதத்தையும் அவ்வாறே மாற்றாவிடில் அச்சுகள் ஒன்றையொன்று எதிர்த்து முறியும். கியர்ப் பெட்டியிலிருந்து இயங்கும் வேகமானியும் தவறாகக் காட்டுமாதலால் அதனையும் திருத்த வேண்டும். புதிய பற்கள் ஒன்றோடொன்று இசையும் வரை, முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு டிரெயிலரை மாட்டலாகாது.