எழுதும் அறையும் உலகு காட்டும் சாளரமும்

நுழையும்முன்

நிரல் எழுதுவோர் நாள்தோறும் செய்யும் சிறு செயல் ஒன்று உண்டு. நிரலுக்கு நடுவே காணப்படும் இணைய முகவரியைச் சொடுக்குவதே அது. அடுத்த நொடியில் உலாவி திறக்கிறது. உரிய பக்கம் விரிகிறது. அந்த ஒரு நொடியில் நிகழ்வன யாவை? எந்த முகவரியையும் நம்பிச் சொடுக்கலாமா? விடை காண்போம்.

ஒன்றாய் இருந்த இரண்டு

ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989ஆம் ஆண்டு உலகளாவிய வலைக்கான கருத்துருவை முன்வைத்தார். 1990இல் அவர் உருவாக்கிய முதல் உலாவியில் பக்கங்களைப் படிக்கவும் முடிந்தது. எழுதித் திருத்தவும் முடிந்தது. 1993இல் வெளிவந்து புகழ்பெற்ற மொசைக் உலாவியோ படிப்பதற்கே முதன்மை தந்தது. எழுதும் கருவியும் படிக்கும் கருவியும் இவ்வாறு வெவ்வேறு வழியில் வளர்ந்தன. இன்று நிரலாளர் நிரல் திருத்தியில் எழுதுகிறார், உலாவியில் படிக்கிறார். இரண்டுக்கும் இடையே பாலமாக விளங்குவது இணைய முகவரியே.

சொடுக்கின் பயணம்

நிரல் திருத்திக்கு எல்லாம் எழுத்துகளே. அவற்றுள் முகவரி எதுவென அது தானே கண்டறிய வேண்டும். ‘எச்டிடிபிஎஸ்’ என்னும் நெறிமுறைப் பெயரும், அதனை அடுத்து முக்காற்புள்ளியும் இரு சாய்கோடுகளும் வந்தால் அங்கே முகவரி தொடங்குகிறது. இடைவெளி வந்தால் முடிகிறது. வாக்கியத்தின் ஈற்றில் உள்ள முற்றுப்புள்ளியை முகவரியின் உறுப்பாகத் தவறிக் கருதினால், தேடிய பக்கம் கிடைக்காமற் போகும்.

வெறும் சொடுக்கு, இடங்காட்டியை நகர்த்துவதற்கு உரியது. ஆகவே, விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற திருத்திகளில் கன்ட்ரோல் விசையை அழுத்தியவாறு சொடுக்குதல் வேண்டும். விம் திருத்தியிலோ முகவரியின்மேல் இடங்காட்டியை நிறுத்தி, ஜி, எக்ஸ் ஆகிய விசைகளை அடுத்தடுத்து அழுத்துவர். திருத்தி அம்முகவரியை இயக்க அமைப்பிடம் ஒப்படைக்கிறது. பயனர் தமக்கெனத் தேர்ந்துவைத்த உலாவி எதுவென அறிந்து, இயக்க அமைப்பு அதனைத் திறக்கிறது.

ஏன் வெளியே திறக்க வேண்டும்?

விஷுவல் ஸ்டுடியோ கோட், உலாவித் தொழில்நுட்பத்தின்மீதே கட்டப்பட்டது. எனினும் அது வெளித்தளங்களை உலாவியிடமே அனுப்புகிறது. நிரல் திருத்தி, பயனரின் கோப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உரிமை பெற்றது. உலாவியோ அயலார் எழுதிய பக்கங்களைத் தனித்து அடைத்துவைத்து, கணினியின் கோப்புகளை அவை தொடாதவாறு காக்கிறது. வந்தவரைத் திண்ணையில் அமர்த்திப் பேசுவதற்கும், பெட்டகம் உள்ள அறைக்குள் அழைத்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

ஆயினும் காவல் முழுமையானது அன்று. எல்லா முகவரிகளும் உலாவிக்குச் செல்வன அல்ல. நெறிமுறைப் பெயர் மாறினால் கணினியில் உள்ள வேறொரு செயலி இயங்கத் தொடங்கலாம். போலித் தளத்தில் நாமே கடவுச்சொல்லை எழுதிவிட்டால் உலாவியாலும் காக்க இயலாது. இதனாலேயே, முன்பின் அறியாத தளத்தைத் திறக்குமுன் ‘திறக்கலாமா?’ எனச் சில திருத்திகள் வினவுகின்றன. அவ்வினாவைத் தடையெனக் கருதித் தள்ளிவிடுதல் கூடாது.

முகவரியைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை வலமிருந்து இடமாக நோக்குக. நாம் அறிந்த நிறுவனத்தின் பெயர் அப்பகுதியின் தொடக்கத்தில் இருந்தாலும், இறுதியில் வேறொரு பெயர் இருப்பின் அத்தளம் பிறருக்கு உரியதாகும்.

தெரியுமா?

முகவரிக்குள் வரும் தமிழ்ச்சொற்கள் சில வேளைகளில் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வரிசையாகத் தோன்றும். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டுகளைக் கொள்ளும். ஒவ்வொரு பைட்டும் 3 குறிகளாக எழுதப்படும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் 5 குறியீடுகள் உள்ளமையால், அது 45 குறிகளாக விரியும்.

விரல் சொடுக்குமுன் கண் படிக்கட்டும். கண் படித்ததை அறிவு ஆராயட்டும். கருவி கேட்கும் வினாவுக்கு விடை சொல்லும் பொறுப்பு நம்முடையதே.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஓர் இணைய முகவரியின் உறுப்புகளைப் பிரித்து எழுதி, அத்தளம் எவருக்கு உரியது என வகுப்பில் கலந்துரையாடுக.